போத்தலுக்குள் மழை பெய்யாது

7

மழை பெய்து ஐம்பத்திரண்டு நாளாகியும் விஜேந்திரன் குடையை விடவில்லை.

றக்வானை பஸாரிலிருந்து குருவிக்கல் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் முப்பத்தாறு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பின்சீட்டில் இருந்த குடையின் கைப்பிடி, ஆட்டோ ஓட்டிய மர்லியாவின் முதுகில் சரியாக ஒரே இடத்தில் இடித்தது.

"சேர், அந்தக் குடைய ஓட்டச் சொல்லுங்க. நான் பின்னுக்கு வந்து தூங்குறன்."

"மழை வந்தா என்ன செய்வீங்க?"

"மழையே இல்லாத ஊருல குடை எதுக்கு எண்டுதான் நானும் கேக்குறன். பாக்குற சனம் என்னயில்ல பைத்தியம் எண்டு நினைக்குது."

விஜேந்திரன் குடையை மடிப் பக்கம் இழுத்துக்கொண்டார். யட்டியாந்தோட்டை பஸாரில், அண்ணனுடைய இரும்புக் கடைக்கு மேல்மாடியில்தான் அவருடைய துப்பறியும் காரியாலயம். அதற்கு முன் இருபது வருஷம் ஒரு காப்புறுதிக் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். மர்லியா கரவனெல்லயில் ஒரு சட்டத்தரணியிடம் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். மற்றவர்களுடைய பொய்யை டைப் பண்ணி விரல் தேய்ந்துபோய், பொய்யைப் பிடிக்கிற பக்கம் வந்துவிட்டாள். இருவரும் சேர்ந்து ஒன்பது வருஷம். இன்னும் ஒருவரை ஒருவர் திருத்த முடியவில்லை.

நேற்றே வந்து றக்வானையில் மர்லியாவின் சாச்சி வீட்டில் தங்கிவிட்டார்கள். இன்று புதன்கிழமை. நாளை மாலைக்குள் தோட்டத்து ஆய்வுகூடக் களவு பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து விஞ்ஞானிகள் குழு வருகிறது. அவர்கள் கையில் அந்த அறிக்கை போனதும் பொலிஸில் முறைப்பாடு. முறைப்பாடு போனால் முதலில் ஜீப்பில் ஏறப்போவது யார் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஷாமிளா. வயது இருபத்து நான்கு.

அழைத்தவர் டாக்டர் லோஜினி. தொழிலாளர் லயத்தில் பிறந்து, தாவர விஞ்ஞானியாகி, பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்து, பழைய துரை பங்களாவில் ஆய்வுகூடம் திறந்தவர். அன்று பத்திரிகையில் வந்த அவருடைய படத்தை விஜேந்திரன் கத்தரித்து அண்ணன் கடையில் ஆணிப் பெட்டிகளுக்கு மேலே சுவரில் ஒட்டினார். ஒன்பது வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. ஆணி வாங்க வருகிறவர்களிடம் எல்லாம், "நம்ம தோட்டத்துப் புள்ள" என்று காட்டுவார். எந்தத் தோட்டம் என்று யாரும் கேட்டதில்லை.

பங்களா வாசலில் டாக்டர் லோஜினி காத்திருந்தார். நாற்பதைத் தொட்ட வயது. தூங்காத கண்கள்.

"நாப்பது போத்தல் சேர்," என்றார். "ஒன்பது வருஷம். தண்ணியில்லாம தாக்குப் பிடிக்கிற தேயிலை. கு-ஒன்பதுன்னு பேர் வச்சேன், குருவிக்கல்லுக்காக. திங்கக்கிழமை காலையில பாக்குறேன், தட்டுல போத்தல் இருக்கு, லேபல் இருக்கு, உள்ள இருக்கிறது என் செடி இல்ல. எவனோ மாத்திட்டான்."

"மாத்தினதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பெத்தவளுக்குப் புள்ளைய தெரியாதா?"

அந்தப் பதில் விஜேந்திரனுக்குப் பிடித்திருந்தது. அதனால் அதற்கு மேல் கேட்கவில்லை. துப்பறிகிறவனுக்குப் பதில் பிடித்துப்போவது நல்லதல்ல என்பதை அவர் அன்று மத்தியானம்தான் கற்றுக்கொண்டார்.

"சாவி எத்தனை பேர்கிட்ட இருக்கு?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட." டாக்டர் நிறுத்தினார். "ஷாமிளாவ நான் சந்தேகப்படல சேர். தயவு செஞ்சு அவள நோகடிக்காதீங்க. நான் வளத்த புள்ள."

"நான் நோகடிக்க மாட்டன் டாக்டர்," என்றாள் மர்லியா. "நோகடிக்கிறதுக்கு சேர் குடை கொண்டு வந்திருக்கார்."

ஆய்வுகூடத்துக்குள் செருப்பைக் கழற்றி, கையில் ஸ்பிரிட் தடவி, வாய்க்கு மாஸ்க் கட்டித்தான் விட்டார்கள். உள்ளே ஷாமிளா இருந்தாள். ஒல்லியான உருவம், மாஸ்குக்கு மேல் பெரிய கண்கள். தட்டுத் தட்டாக ஜாம் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் அடியில் கண்ணாடி போன்ற ஜெலி. அதில் நட்டிருந்த விரல் நுனியளவு தேயிலைத் தண்டிலிருந்து குருத்து எட்டிப் பார்த்தது.

ஷாமிளா தாழ்ந்த குரலில் விளக்கினாள். தண்டில் ஒரு இலையும் அதன் கக்கத்தில் ஒரு கண்ணும் இருக்கிற மாதிரித் துண்டு வெட்டி, ஜெலியில் வைப்பார்கள். கண் துளிர்க்கும். துளிர்த்ததை மறுபடி வெட்டி வைப்பார்கள். ஒன்று பத்தாகும், பத்து நூறாகும். ஜெலிக்குள் ஒரு மருந்தைக் கலந்தால் தண்ணீர் இருந்தும் செடியால் குடிக்க முடியாது. அந்தத் தாகத்தில் சாகாமல் நிற்பதைப் பொறுக்கி எடுத்துத்தான் டாக்டர் கு-ஒன்பதைக் கண்டுபிடித்தார்.

"பக்கத்துல தண்ணிய வெச்சிட்டு குடிக்க விடாம பாக்குறதா?" என்றாள் மர்லியா. "எங்கட மாமி வீட்டுல ஒரு கிழமை இருந்தா நானும் கு-ஒன்பதுதான்."

ஷாமிளாவின் கண்கள் சிரிக்கவில்லை.

"நீ எடுத்தியாம்மா?" என்று விஜேந்திரன் நேராகவே கேட்டார்.

"நான் எடுக்கல சேர்."

"யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

தட்டில் இருந்த நாற்பது போத்தல்களையும் ஒருமுறை பார்த்தாள்.

"அத அக்காகிட்டயே கேளுங்க சேர்."

அக்கா என்றது டாக்டரை. பணிவு என்று விஜேந்திரன் எடுத்துக்கொண்டார்.

அவர் மாற்றப்பட்ட போத்தல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினைந்தாவது போத்தலில் முணுமுணுத்தார், "ரொம்ப சுத்தம்."

"என்ன சேர்?"

"ஒரு போத்தல்லகூட பூஞ்சணம் இல்ல."

"மெய்தான். எங்கட வீட்டு அச்சாறு போத்தலே ரெண்டு நாளுல தாடி வளக்குது. இதுக்குள்ள சீனி வேற இருக்காமே."

மூச்சுப் பட்டால் போதும், போத்தல் கெட்டுவிடும் என்றாள் ஷாமிளா. காற்றை வடிகட்டும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கத்தியை நெருப்பில் காட்டிக் காட்டி வெட்ட வேண்டும். பழகாதவர் நாற்பது போத்தல் வைத்தால் குறைந்தது முப்பது அழுகும்.

"இங்க அப்படிப் பழகினவங்க எத்தனை பேர்?"

"நானும் அக்காவும்தான். அக்கா இப்ப கத்தி பிடிக்கிறதில்ல. ஆறு வருஷமா வெட்டுறதெல்லாம் நான்தான்."

தன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டுகிற பதில் அது. மர்லியா விஜேந்திரனைப் பார்த்தாள். விஜேந்திரன் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருத்து வளர்ந்தாலும் முதலில் வெட்டி வைத்த துண்டு அடியில் அப்படியேதான் இருந்தது. அதன் மேல்முனை சரிவாக வெட்டப்பட்டிருந்தது. அடுத்த போத்தலிலும் சரிவு. நாற்பதிலும் சரிவு. பக்கத்துத் தட்டில் ஷாமிளா வைத்த போத்தல்களை எடுத்துப் பார்த்தார். எல்லாம் நேர்வெட்டு, மட்டமாக.

"ஷாமிளா, ஒரு வேலை செய். இருபது துண்டு வெட்டு. எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா. மர்லியா, போன்ல நேரம் பாருங்க."

நான்கு நிமிஷத்துக்குள் வெட்டி முடித்தாள். இருபதும் மட்டம். ஒன்றுகூடச் சரியவில்லை.

விஜேந்திரன் வெளியே வந்து விறாந்தையில் மாட்டியிருந்த குடையை எடுத்தார். எடுத்தவர் விரிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மர்லியா, வழியில என்ன கேட்டீங்க?"

"எத்தனையோ கேட்டன். ஒண்டுக்கும் பதில் வரல்ல."

"மழையே இல்லாத ஊருல குடை எதுக்குன்னு கேட்டீங்க. நர்சரியில தேயிலைக் கட்டிங், அதான் நடுற துண்டு, வெட்டுறவங்க மேல்வெட்ட எப்பவும் சரிச்சுத்தான் வெட்டுவாங்க. ஏன் தெரியுமா? மழைத்தண்ணி வழிஞ்சு கண்ணுக்கு மறுபக்கமா ஓடணும். தண்ணி தங்குனா கண்ணு அழுகிரும். ஒரு நர்சரி காப்புறுதிக் கேசுல படிச்சது."

"சரி."

"போத்தலுக்குள்ள மழை பெய்யுமா?"

மர்லியா ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு சிரித்தாள்.

"இந்தத் திருடன் உங்கட கட்சி சேர். மூடின போத்தலுக்குள்ள குடை பிடிச்சிருக்கான்."

"திருடன் இல்ல. திருடி. கட்டிங் வெட்டுறது பொம்பளைங்க வேலை. நர்சரியில பழகின கை."

உள்ளேயிருந்து டாக்டர் லோஜினி வந்தார். கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"நர்சரியா? ஐயோ, ஷாமிளாவோட அம்மா இலட்சுமியக்கா நர்சரியிலதானே..." சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இல்ல சேர். நான் ஒண்ணும் சொல்லல. அத எழுதிராதீங்க."

கண்ணில் நீர் நிறைந்திருந்தது. விஜேந்திரனுக்கு மனசு கனத்தது. இப்படிப்பட்ட ஒருத்தியை ஏமாற்ற ஒரு பெண்ணுக்கு எப்படி மனம் வந்தது என்று ஷாமிளா மேல்தான் கோபம் வந்தது. பின்னால் அந்தக் கோபத்தை நினைத்து வெட்கப்பட்டார்.

குடையை மறுபடி விறாந்தையிலேயே மாட்டிவிட்டுப் புறப்பட்டார். நர்சரி பங்களாவுக்குக் கீழே, பாதையின் அடுத்த வளைவில் இருந்தது. பின்பக்கமாக இறங்கும்போது ஒரு வெறும் பாத்தியைக் கடந்தார்கள். வரிசை வரிசையாக மூங்கில் குச்சிகள், ஒவ்வொன்றிலும் கு-9 என்று எழுதிய தகடு. செடி ஒன்றுகூட இல்லை. மண் கிளறிக் கிடந்தது.

"இதுவும் களவு போச்சா?" என்றாள் மர்லியா.

"கேக்கணும்," என்றார் விஜேந்திரன். டாக்டர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பது அவருக்கு உறுத்தியது. ஆனாலும் நடந்தார்.

நிழல்வலைக்குக் கீழே பத்துப் பெண்கள் கட்டிங் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில், கொழுந்துச் சாக்கைக் குவித்துப்போட்டு, ராணி மாதிரி ஒருத்தி உட்கார்ந்து மற்றவர்களை ஏசிக்கொண்டிருந்தாள். பங்களாவிலிருந்து கூட வந்த காவல்காரர் அவளைத்தான் காட்டினார்.

"வாங்க, வாங்க. பொலிஸா?" என்றாள் இலட்சுமி.

"இல்லம்மா. டாக்டரம்மா கூப்பிட்ட ஆளுங்க."

"எல்லாம் ஒண்ணுதான். என் மகளத்தானே கேக்க வந்தீங்க? அவ எடுக்கல. எடுத்திருந்தா என்கிட்ட சொல்லியிருப்பா, நானும் நாலு அறை குடுத்துத் திருப்பிக் குடுக்க வச்சிருப்பேன். பத்தாவதுல கணக்குல முப்பது மார்க் வாங்குனதையே வந்து சொன்னவ அவ."

விஜேந்திரன் போனை நீட்டினார். போத்தலின் படம், நன்றாகப் பெரிதாக்கியது.

"இது யாரோட வெட்டுன்னு சொல்ல முடியுமா?"

இலட்சுமி படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். முகம் மாறியது.

"இது என் கை ஆச்சே."

பக்கத்தில் இருந்த பெண்களின் கத்திகள் நின்றன.

"எப்படிச் சொல்றீங்க?"

"நெல்லு வச்சிருக்கு பாருங்க. கண்ணுக்கு மேல ஒரு நெல்லு நீளம் விட்டுட்டுச் சரிச்சிருக்கு. இவளுகள பாருங்க, எல்லாம் கண்ணோட ஒட்ட வெட்டுவாளுக. கங்காணி சொல்லிக் குடுத்தது அப்படி. எனக்கு எங்க சின்னம்மா சொல்லிக் குடுத்தது இப்படி. வெட்டுன எடம் காஞ்சு இறங்கும், இறங்கும்போது கண்ணத் தொடாம நிக்கிறதுக்கு ஒரு நெல்லு எடம் வேணும்னுவாங்க. இந்த மலையில நெல்லு விடுறது நான் ஒருத்திதான். துரை வந்து ஏசியும் நான் மாத்தல."

மர்லியாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப நீங்கதான் போத்தல மாத்தினது!"

இலட்சுமி மடியில் சேலைக்குள் மறைந்திருந்த வலது கையை வெளியே எடுத்தாள். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு.

"இந்தக் கையாலயா? பொங்கலுக்கு மறுநாள் குளவி கலைஞ்சு வந்து, ஓடி விழுந்து ரெண்டு எடத்துல முறிஞ்சுது. ரெண்டு மாசமா மகதான் எனக்குச் சோறு பிசைஞ்சு குடுக்கிறா. இந்தச் செடி துளிர்த்திருக்கிறதப் பாத்தா வெட்டி ரெண்டு கிழமைகூட இருக்காது. போங்கம்மா."

மர்லியா அடங்கினாள். விஜேந்திரன் மெதுவாகக் கேட்டார், "அப்ப இந்த வெட்ட நீங்க யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கீங்க. மகளுக்கா?"

"அவளுக்கா?" இலட்சுமியின் குரல் உயர்ந்தது. "நர்சரிக் கத்தியத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லி வளத்தேன். என் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பா, ஆனா தொட விட்டதில்ல. இந்த வேல என்னோட முடியட்டும்னுதான். ஒரே ஒரு புள்ளைக்குத்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவளுடைய முகத்தில் பெருமை வந்து உட்கார்ந்தது. விஜேந்திரன் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"யாருக்கும்மா?"

"இப்ப டாக்டரு. நம்ம லோஜி! அவ அம்மா இரத்தினபுரி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஏழாவது படிச்சிக்கிட்டு இருந்தா. லீவு முழுக்க என் பக்கத்துல உக்காந்து கட்டிங் வெட்டுவா. கை என்ன வேகம்ங்கிறீங்க! நான் வெட்டுனது எது, அவ வெட்டுனது எதுன்னு எனக்கே தெரியாது."

இலட்சுமிக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. அவள் புன்னகையோடே இருந்தாள்.

"மேல அந்த வெறும் பாத்தி," என்றார் விஜேந்திரன். "அதுல இருந்த கன்னுங்க எங்க?"

"அதக் கேக்காதீங்க. தண்ணி ஊத்தாம வச்சுப் பாத்தாங்க, வெயிலுக்குத் தாங்குதான்னு. ஒரு மாசம் நின்னிச்சு. அப்புறம் எல்லாம் தலை சாஞ்சிருச்சு. நான் ரெண்டு வாளி ஊத்தவான்னேன். லோஜி வேணாம்னுட்டா. ரெண்டு கிழமைக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கெழம அவளே ஒத்தையில பிடுங்குனா. பாவம், பாக்க முடியல. அது போனா என்ன, போத்தல்ல இருக்குதுல்லன்னு நான்தான் தேத்தினேன்."

திரும்பி ஏறும்போது மர்லியா ஒரு பகிடியும் விடவில்லை. ஒன்பது வருஷத்தில் இது முதல் தடவை. விஜேந்திரன் கையில் ஒரு கூடை இருந்தது. இலட்சுமியிடம் கேட்டு வாங்கிய தேயிலைக் கொப்புகளும் இரண்டு கத்திகளும்.

"அவங்க இல்லாம இருக்கணும் சேர்," என்றாள் மர்லியா.

"இருக்கணும்," என்றார் அவர்.

டாக்டர் லோஜினி விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். விஜேந்திரன் கூடையை மேசையில் வைத்தார்.

"இலட்சுமியம்மாவுக்குக் கை முடியல. அவங்க பங்கு இன்னும் பாக்கி. வெட்டித் தாறேன்னு வாய் குடுத்துட்டேன், இப்ப முழிக்கிறேன். பேசிக்கிட்டே கொஞ்சம் வெட்டலாமா டாக்டர்?"

லோஜினி சிரித்தார். அன்று அவர் சிரித்த ஒரே சிரிப்பு. "இருபத்தஞ்சு வருஷமாச்சு சேர் நர்சரிக் கத்தி பிடிச்சு." ஆனாலும் கத்தியை எடுத்தார். "அறிக்கை எப்படி எழுதப் போறீங்க?"

"அதத்தான் கேக்க வந்தேன்."

"ஷாமிளா பேர நேரா போடாதீங்க. அந்தப் புள்ள தாங்காது. 'சாவி வச்சிருந்த ஊழியர்'னு போடுங்க." கத்தி நடந்தது. சரக், சரக். "நர்சரித் தொடர்பு இருக்குன்னும் ஒரு வரி போடுங்க. மத்தத பொலிஸ் பாத்துக்கும்."

சரக், சரக். அவருடைய கண் விஜேந்திரன் முகத்தில் இருந்தது. கையை அவர் பார்க்கவேயில்லை. கையும் அவரைக் கேட்கவில்லை. பத்துத் துண்டு மேசையில் விழுந்தன. எல்லாம் சரிவு. எல்லாவற்றிலும் கண்ணுக்கு மேலே ஒரு நெல் நீளம்.

விஜேந்திரன் ஒன்றை எடுத்து, போனில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அவர் முன்னால் தள்ளினார்.

"போத்தலுக்குள்ள மழை பெய்யாது டாக்டர்."

லோஜினி முதலில் படத்தைப் பார்த்தார். பிறகு துண்டை. பிறகு தன் கையை. கத்தி கீழே விழுந்தது.

அவர் குனிந்து கத்தியை எடுத்து மேசையில் வைத்தார்.

"போத்தல்ல நின்னிச்சு சேர். ஒன்பது வருஷமும் நின்னிச்சு. எவ்வளவு தாகத்துல போட்டாலும் நின்னிச்சு. மண்ணுல வச்சா நிக்கல. போத்தலுக்குள்ள அது பழகிக்கிட்டது, அவ்வளவுதான். வெளிய வந்ததும் மறந்திருச்சு. வெள்ளிக்கிழமை அவங்க கேட்டா காட்டுறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அப்ப நிக்கலன்னு எழுதலாமே? ஒரு வரிதானே."

"அந்த ஒரு வரிய எழுதத்தான் ஒரு கிழமை உக்காந்து பாத்தேன்." அவர் கத்தியைத் தள்ளி வைத்தார். "பள்ளிக்கூடத்துல என் படம் மாட்டியிருக்காங்க. கோயில் திருவிழாவுக்கு முதல் மாலை எனக்கு. களவு போச்சுன்னா ஊரே அழும். காஞ்சு போச்சுன்னா ஊரே சிரிக்கும். அதான் நர்சரியில கொப்பு எடுத்து ராவோட ராவா நானே வச்சு, துளிர்க்கிற வரைக்கும் ஒளிச்சு வச்சு, ஞாயித்துக்கெழம ராவு தட்டுல மாத்திட்டு, என் போத்தல எல்லாம் அவிச்சுக் கொட்டினேன்."

"என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"வெளியாள் ஒருத்தர் களவுன்னு எழுதுனா நம்புவாங்க." தலை குனிந்தார். "நீங்க என் படத்த கடையில ஒட்டி வச்சிருக்கீங்கன்னு ஒருத்தர் சொன்னார். நீங்க என்னைச் சந்தேகப்பட மாட்டீங்கன்னு நினைச்சேன்."

விஜேந்திரனுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. இருபது வருஷம் பொய் பிடித்த மனிதனை, அவனுடைய பெருமையைப் பிடித்தே இழுத்து வந்திருக்கிறாள். ஆணி வாங்க வந்தவர்களிடம் எல்லாம் காட்டினாரே. அவருக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மர்லியாதான் கேட்டாள். "ஷாமிளா என்ன பாவம் செஞ்சா டாக்டர்?"

"அவ சின்னப் பொண்ணு. சாட்சி பத்தாதுன்னு விட்டுருவாங்க. வேற எங்கயாவது வேலைக்கு..."

"திருடி எண்டு பேர் வாங்கின புள்ளைக்கு எவன் வேலை குடுப்பான்? நீங்க படிச்சீங்க. அந்தப் புள்ள உங்களையே படிச்சிச்சு."

"நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தா..." என்று லோஜினி தொடங்கினார். அவர் கண் வாசல் பக்கம் போனது. வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

ஷாமிளா நின்றிருந்தாள். மாஸ்க் இல்லை. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. மெதுவாக வந்து ஆய்வுகூடச் சாவியை, வெட்டிக் கிடந்த துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஷாமிளா, நான் உனக்கு..."

"எனக்குத் தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"திங்கக்கிழமை காலையில முதல் போத்தலத் தூக்குனதும் தெரியும். நெல்லு இருந்திச்சு. அம்மா வெட்டுறதப் பாத்து வளந்தவ நான். அம்மாவுக்குக் கை இல்ல. வேற யாருக்கு அந்த வெட்டு வரும்?"

விஜேந்திரன் திகைத்துப் போனார். அவர் மூச்சுப் பிடித்து மலை ஏறி இறங்கிக் கண்டுபிடித்ததை இந்தப் பெண் மூன்று நாளாக வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாள். அக்காகிட்டயே கேளுங்க என்று அவள் சொன்னது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"ஏம்மா சொல்லல?"

"அக்காவே சொல்லுவாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன் சேர். திங்கக்கிழமை சொல்லல. செவ்வாக்கிழமையும் சொல்லல. இன்னிக்கு நீங்க வந்ததும் சொல்லிருவாங்கன்னு நினைச்சேன்." அவள் லோஜினியைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. "கன்னு செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியாதா அக்கா? தினமும் அளந்து எழுதுனது நான்தானே? ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே எடுத்தேன்னு சொல்லியிருப்பேன். என் பேரக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்காம எடுத்துட்டீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். நர்சரிப் பக்கம்தான் போனாள், அம்மாவுக்குச் சோறு பிசைகிற நேரம்.

லோஜினி அந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். விஜேந்திரன் பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார். லோஜினி எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

பதினோராவது வளைவில் மர்லியா ஆட்டோவை ஓரம் கட்டினாள்.

"என்ன எழுதியிருக்கு சேர்?"

விஜேந்திரன் வாசித்தார். "கு-9 வறட்சியில் நிற்கவில்லை. திருட்டு எதுவும் நடக்கவில்லை. போத்தல்களை மாற்றியவள் நான். லோஜினி."

"ஷாமிளாவப் பத்தி?"

"ஒரு சொல் இல்ல."

மர்லியா ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள். "மன்னிப்பு எண்டு ஒரு சொல், அதுக்கு எவ்வளவு மை செலவாகப் போகுது?"

விஜேந்திரன் பேனாவைத் திறந்தார். லோஜினியின் ஒப்பத்துக்குக் கீழே தன் கையெழுத்தில் சேர்த்தார்: "உண்மையை முதலில் கண்டுபிடித்தவர் ஷாமிளா, ஆய்வுகூட உதவியாளர். நான் இரண்டாவது." திகதி போட்டு, தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஆட்டோ மறுபடி கிளம்பியது. இரண்டு வளைவு போனதும் மர்லியா முதுகைத் தடவிக்கொண்டு திரும்பினாள்.

"சேர், இடிக்கல்லியே. குடை எங்க?"

பின்சீட்டில் இல்லை. பங்களா விறாந்தையில் மாட்டியது மாட்டியபடியே இருந்தது.

"திருப்பட்டா? அஞ்சு நிமிஷம்தான்."

"வேணாம் மர்லியா."

"உங்கட குடை சேர். இருபது வருஷக் குடை."

"இருக்கட்டும்," என்றார் விஜேந்திரன். "அந்த முகத்த இன்னொரு தரம் இன்னிக்கு என்னால பாக்க முடியாது. கடைக்குப் போனதும் சுவத்துல வேற பாக்கணும்."

மர்லியா கியரை மாற்றினாள். மிச்சம் இருபத்து மூன்று வளைவுகள் இருந்தன.